தற்குறி

தன் முன்னோன் ஒருவனைச் சரித்திரத்தில் தேடிப் போகிறவன் எதைத் தேடுகிறான் என்பது வெகுநாள் வரை எனக்கு ஒரு கேள்வியாகவே தோன்றியதில்லை. வம்சப் பெருமை, ஓய்வுபெற்றவர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவேன். அதற்குள் ஒரு தார்மிகப் பிரச்னை இருப்பதை எனக்குக் காட்டியவர் ஓர் அமெரிக்கர். காட்டியது அவருக்குத் தெரியாது.

பென்சில்வேனியாவில், லீஹை ஆற்றுப் பள்ளத்தாக்கில், மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் பள்ளியில் கணிதம் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர். மனைவி இறந்த பிறகு இந்தத் தேடலில் இறங்கியிருக்கிறார். 1750-ல் ரைன் நதிக்கரைப் பிரதேசத்திலிருந்து கப்பலேறி பிலடெல்பியாவில் இறங்கிய ஒரு ஜெர்மானியன் தம் குடும்பத்தின் மூலபுருஷன் என்பது அவர் முடிவு. பேச்சுத் துணைக்காக நூலகத்துக்கும் ஆவணக் காப்பகத்துக்கும் என்னையும் அழைத்துப் போவார். அந்த முன்னோன் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அதற்குத் தனிக் காரணம் எதுவும் வேண்டியதுமில்லை. அந்தக் காலத்துக் கப்பல் பட்டியலில் ஆணாகப் பிறந்தவன் பாதிப்பேர் யோஹான் அல்லது ஹான்ஸ். குலப்பெயர் தச்சன், தையற்காரன், மாவரைப்பவன் என்று தொழிலைச் சொல்வது. பெயர் அங்கே ஆளைச் சுட்டுவதில்லை. ஒரு கும்பலைச் சுட்டுகிறது.

அவர் எனக்கு முதலில் காட்டியது ஒரு கையெழுத்து. கையெழுத்துகூட இல்லை, குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடுகள். ஜெர்மானியர் திரள்திரளாக வந்து இறங்குவது ஆங்கிலேய ஆட்சியாளர்களுக்குக் கலக்கத்தைத் தரவே, 1727-ல் ஓர் ஏற்பாடு செய்தார்கள். ஒவ்வொரு கப்பல் தலைவனும் ஆட்களின் பட்டியல் தரவேண்டும். பதினாறு வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் அதிகாரிகள் முன்னிலையில் அரசனுக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்துக் கையொப்பமிட வேண்டும். அந்த அரசன் இரண்டாம் ஜார்ஜும் ஹானோவரில் பிறந்த ஜெர்மானியன்தான் என்பது இதில் ஒரு வேடிக்கை. பட்டியல்களைத் திரட்டி 1934-ல் மூன்று தொகுதிகளாக அச்சிட்டிருக்கிறார்கள். அதில் ஒரு தொகுதி அசல் கையெழுத்துகளின் நகல். எழுதத் தெரியாதவன் பெயரைக் குமாஸ்தா தன் காதுக்குக் கேட்டபடி எழுதுவான். நடுவில் அவன் ஒரு குறி போடுவான். நம் பழைய பத்திரங்களில் இதற்குத் தற்குறி என்று பெயர். பிறகு அந்தச் சொல்லே எழுதத் தெரியாதவனுக்கு வசையாகிவிட்டது.

பெண்கள் பெயரும் குழந்தைகள் பெயரும் பெரும்பாலும் இந்தப் பட்டியல்களில் இல்லை. அவர்களிடம் யாரும் பிரமாணம் கேட்கவில்லை.

1749 முதல் 1754 வரையிலான ஆறு ஆண்டுகளில்தான் ஜெர்மானியர் வருகை உச்சத்தில் இருந்தது. 30,000 பேருக்கு மேல் பிலடெல்பியாவில் இறங்கியிருக்கிறார்கள். போர்களில் பாழான ஊர்கள், பிள்ளைகளுக்குள் பிரித்துப் பிரித்துத் துண்டான நிலம், பிரபுக்களின் வரி ஆகியவை துரத்தின. அதே 1750-ல் ஓர் ஆர்கன் வாத்தியத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்காகக் கப்பலேறிய கோட்லீப் மிட்டல்பெர்கர் என்ற பள்ளி ஆசிரியர் 1754-ல் ஊர் திரும்பி, 1756-ல் ஒரு நூல் வெளியிட்டார். போகாதீர்கள் என்று எச்சரிப்பதற்காகவே எழுதியது. அதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் படிக்கவேண்டும். ஹைல்பிரானிலிருந்து ஹாலந்து வரை நதியில் 36 சுங்கச் சாவடிகள் என்கிறார். ஒவ்வொன்றிலும் படகு நிற்கும். நிற்கும் நாட்களில் கைக்காசு கரையும். ராட்டர்டாம் போய்ச் சேரும்போது பலரிடம் கப்பல் கூலிக்குப் பணம் இருக்காது. கடனில் ஏறுவார்கள். பிலடெல்பியா துறைமுகத்தில் கடனை அடைக்க முடியாதவனைக் கப்பலை விட்டு இறங்க விடுவதில்லை. விலைக்கு வாங்குகிறவர்கள் கப்பலுக்கே வருவார்கள். மூன்று முதல் ஆறு வருஷ உழைப்புக்கு ஆள் விலைபோவான். பாதிக் கடலுக்குமேல் வந்தபின் கணவன் செத்தால் அவன் கூலிக்கும் சேர்த்து மனைவி உழைக்கவேண்டும். பெற்றவர்கள் தம் குழந்தைகளை விற்றுத் தாங்கள் விடுதலை பெறுவதும் உண்டு.

இரண்டு கோடுகளின் பின்னால் இவ்வளவும் இருக்கிறது என்று நண்பர் சொன்னபோது அவர் குரல் தழுதழுத்தது. நானும் நெகிழ்ந்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இரண்டாவதாக அவர் காட்டியது ஒரு செய்தித்தாள் விளம்பரம். சில வருஷங்களுக்குப் பிந்தியது. அதே பெயருள்ள ஜெர்மானிய வேலையாள் எஜமானனிடமிருந்து ஓடிவிட்டான். இன்ன நிறத்தில் சட்டை, ஆங்கிலம் அரைகுறையாகப் பேசுவான், பிடித்துத் தருபவனுக்கு இவ்வளவு சன்மானம். எழுத்துப் பிழையோடு இருந்த அந்த நாலு வரியில்தான் அவர் முன்னோனுக்கு முதன்முறையாக ஓர் உடம்பு கிடைத்தது. அது ஓடிப்போகும் உடம்பு. சரித்திரம் அவன் சட்டையின் நிறத்தைக் குறித்துக்கொண்டதற்குக் காரணம் அவன் பிடிபட வேண்டும் என்பதே.

என்னைப் பிடித்து நிறுத்திய விஷயம் இது. கப்பல் பட்டியல், உழைப்பு ஒப்பந்தம், ஓடிப்போனவன் விளம்பரம், வரிக் கணக்கு, கடன் வழக்கு: எளிய மனிதன் ஒருவன் காகிதத்தில் அகப்படுவது பெரும்பாலும் அவன் யாருக்காவது ஏதாவது தரவேண்டியிருக்கும்போதுதான். அவன் சிரித்தது, ரைன் கரையை நினைத்துத் தூங்காமல் கிடந்தது, முதல் மனைவியை எங்கே புதைத்தான் என்பது, எதுவும் கிடையாது. மனிதனைத் தேடிப்போனவன் கையில் கடன் சீட்டுதான் சிக்குகிறது. லீஹை பள்ளத்தாக்கு ஜெர்மானியரோடு எனக்கு ஒட்டும் உறவும் இல்லைதான். ஆனால் ஜெர்மனியின் ஹாலே நகரில் பயின்ற சீகன்பால்க் 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கினார். அதே ஹாலே ஸ்தாபனம் 1742-ல் முலன்பெர்க் என்ற பாதிரியாரைப் பென்சில்வேனியாவுக்கு அனுப்பியது. இரு திசையிலிருந்தும் அறிக்கைகள் ஒரே இடத்துக்குப் போய்ச் சேர்ந்தன. தமிழ் ஏட்டுச் சுவடிகளும் பென்சில்வேனியாக் கடிதங்களும் இன்றும் அங்கே ஒரே ஸ்தாபனத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. அந்த அறிக்கைகளில் நம் எளியவர்களும் ஞானஸ்நானக் கணக்கில் ஓர் எண்ணாகவே பெரும்பாலும் நுழைந்திருக்கிறார்கள். எண்ணப்பட்டவர்களின் சரித்திரம் எங்கும் இப்படித்தான்.

மூன்றாவது காகிதம் தற்செயலாக வந்தது. 1770-களின் வரிக் கணக்கு. அதே பெயர். நண்பரின் குடும்ப நிலம் இருந்த அதே வட்டாரம். இத்தனை ஏக்கர், இத்தனை குதிரை, இத்தனை மாடு. கடைசிப் பத்தியில் கறுப்பு அடிமைகள் என்ற தலைப்பின் கீழே 1 என்ற எண்.

நண்பர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்தப் பெயரில் பலர் இருந்திருக்கிறார்கள், இது வேறு ஆளாக இருக்கலாம் என்றார். இருக்கலாம்தான். நிலப் பத்திரத்தில் விற்றவன் கையெழுத்துத்தான் இருந்தது. வாங்கியவன் கையெழுத்து இல்லை. உயில் எதுவும் கிடைக்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. ஆனால் அந்த இரண்டு கோடுகளையும் ஓடிப்போனவனையும் ஒருவனாக இணைத்தபோது இதே சந்தேகம் அவருக்கு வரவில்லை. அங்கே பெயர் போதுமானதாக இருந்தது. இங்கே பெயரோடு நிலமும் பொருந்துகிறது, அப்படியும் போதவில்லை. வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளுக்கு நிரூபணம் கற்பித்தவர் இரண்டு காகிதங்களுக்கு ஓர் அளவுகோலும் மூன்றாவதற்கு வேறோர் அளவுகோலும் வைத்தார். பொய் சொன்னார் என்று நான் சொல்லமாட்டேன். ஆதாரம் இல்லாமை அவருக்கு ஒரு சலுகையாகப் பயன்பட்டது, அவ்வளவுதான்.

காயத்தைப் பரம்பரைச் சொத்தாகப் பெறுவதில் ஒரு சுகம் இருக்கிறது. பெஞ்சமின் பிராங்க்ளின் 1751-ல் எழுதிய கட்டுரையில் பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியரை நாகரிகமற்றவர்கள் என்று இகழ்ந்து, சாக்ஸனியர் நீங்கலாக ஜெர்மானியரை மாநிறத்தவர் பட்டியலிலும் சேர்த்திருப்பதை நண்பர் பலமுறை எனக்குச் சொல்லியிருக்கிறார். என் நிறத்தைப் பார்த்துக்கொண்டே, ஒருவித சொந்தத்தோடு சொல்வார். துன்பப்பட்டவனுடைய வம்சம் என்பது நமக்குக் குற்றமின்மையைத் தருவதாக நினைக்கிறோம். விலைபோனவன் இன்னொருவனை விலைக்கு வாங்கமாட்டான் என்று நம்ப விரும்புகிறோம்.

எனக்குத் தோன்றியது வேறு. மூவரும் ஒருவனே என்றால்? குறி போட்டவன், ஓடியவன், இருபது வருஷம் கழித்துக் காசு சேர்ந்ததும் ஒரு மனிதனை வாங்கியவன். இதில் அசம்பாவிதம் ஒன்றும் இல்லை. தன் அடிமைக்காலத்தை அவன் மறந்திருக்கவேண்டியதுகூட இல்லை. நான் உழைத்துக் கழித்தேன், இவனும் உழைக்கட்டும் என்று நினைத்திருக்கலாம். ஆனால் அவன் கடனுக்கு ஒரு முடிவுத் தேதி இருந்தது. அந்தக் கறுப்பு மனிதனுக்கோ மனுஷிக்கோ இல்லை. அந்த நிலை தாய்வழியாகக் குழந்தைக்கும் இறங்கியது. 1780-ல் பென்சில்வேனியா கொண்டுவந்த படிப்படியான ஒழிப்புச் சட்டம்கூட ஏற்கெனவே அடிமையாக இருந்தவர்களை விடுவிக்கவில்லை. அதன் பிறகு அடிமைத் தாய்க்குப் பிறந்த குழந்தையை 28 வயது வரை ஊழியம் செய்யச் சொன்னது.

இப்படி மூவரை ஒருவனாக்கும்போது நானும் ஒரு கதைதான் பண்ணுகிறேன் என்பதை உணராமல் இல்லை. எழுதுகிறவனுக்கு முரண் பிடிக்கும். ஒரே மனிதனுக்குள் பலியும் கொடுமையும் இருப்பது அவனுக்கு வசதி. நண்பருக்கு அவர் முன்னோன் நல்லவனாக இருக்கவேண்டியிருந்தது. எனக்கு அவன் சுவாரசியமானவனாக இருக்கவேண்டியிருந்தது. செத்தவனுக்கு இரண்டுமே அநியாயம். ஆகவே அவன் யார் என்று நிர்ணயிப்பதை விட்டுவிடுகிறேன். காகிதங்களை எப்படி எடுத்துக்கொள்வது என்பதுதான் கேள்வி. ஒரே அளவுகோலால் மூன்றையும் ஏற்கலாம், மூன்றையும் விடலாம். இரண்டை எடுத்துக்கொண்டு ஒன்றை விட நமக்கு உரிமை இல்லை.

அந்தக் காலம் அப்படி, அவர்களுக்குத் தெரியாது என்ற சமாதானமும் நிற்காது. 1683-ல் தொடங்கிய ஜெர்மன்டவுன் குடியிருப்பில், 1688-லேயே நால்வர் அடிமை வியாபாரத்தை எதிர்த்து ஒரு விண்ணப்பம் எழுதிக் கையொப்பமிட்டார்கள். தமக்குச் செய்யப்பட விரும்பாததைப் பிறருக்குச் செய்யலாமா என்பதே அவர்கள் கேட்டதன் சாரம். தங்கள் குவேக்கர் சபைகளுக்குத்தான் அனுப்பினார்கள். ஒரு சபை அடுத்த சபைக்குத் தள்ளிவிட, அப்படியே கிடப்பில் போனது. 1844-ல் அந்தத் தாளைக் கண்டெடுத்தார்கள். மறுபடி காணாமற்போய் 2005-ல் மறுபடி கிடைத்தது. இரண்டு கோடுகள் போட்டவன் கரையிறங்குவதற்கு 62 வருஷம் முன்பே அது தெரிந்திருந்தது. தெரிந்தவர்கள் நாலுபேர்தான் என்பது வேறு விஷயம்.

நிலத்தின் கதையும் உண்டு. 1737-ல் பென்னின் மகன்கள் ஒரு பழைய பத்திரத்தைக் காட்டி, ஒன்றரை நாளில் ஒரு மனிதன் நடக்கிற தூரம் எங்களுடையது என்றார்கள். முன்கூட்டியே வழி சீர்செய்து, வேகமாக நடப்பவர்களைக் கூலிக்கு அமர்த்தி, லெனாப்பே மக்களின் நிலத்தை அளந்து எடுத்துக்கொண்டார்கள். லீஹை பள்ளத்தாக்கு அதில் போயிற்று. ஜெர்மானியர் அங்கே முறையாக விலைகொடுத்துத்தான் வாங்கினார்கள்.

குற்றம் செய்தவனோடு போகிறது. பேரனுக்குப் பேரனைக் கூண்டில் ஏற்ற நான் தயாரில்லை. ஆனால் கடன் அப்படிப் போவதில்லை. சொத்தை எடுத்துக்கொள்கிறவன் கடனையும் எடுத்துக்கொள்கிறான் என்பது நம் கிராமத்து நியாயத்துக்கே தெரியும். நண்பரே ஒருநாள் கணக்குப் போட்டுக் காட்டினார்: எட்டுத் தலைமுறைக்கு முன்னால் ஒருவருக்கு 256 முன்னோர். அதில் ஒருவனை மட்டும் குலப்பெயரின் நூலைப் பிடித்துக்கொண்டு தேடிப்போவது ரத்தத்தின் கட்டளை அல்ல, நம் தேர்வு. மற்ற 255 பேரை விட்டுவிட்டு வலிய ஏற்றுக்கொண்ட உறவு அது. வலிய ஏற்றுக்கொண்டதில் பெருமையை மட்டும் பிரித்தெடுக்க முடியாது. ஏற்காமலே இருப்பதும் ஒரு நேர்மைதான்.

புறப்படுவதற்கு முந்தின நாள் அவர் வீட்டுக்குப் போனேன். மேஜை மேல் வம்சாவளித் தாள் விரித்திருந்தது. நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. என் வீட்டு டிரங்குப் பெட்டியிலும் ஒரு பழைய பத்திரம் இருக்கிறது. வாங்கிய கடனுக்காகக் குடும்பத்தோடு பண்ணையில் உழைப்பதாக ஒருவன் எழுதிக்கொடுத்தது. அதிலும் நடுவில் ஒரு தற்குறி. அதைப் போட்டவன் எங்கள் முன்னோன் அல்ல. எழுதி வாங்கிக்கொண்டவர்தான் எங்கள் முன்னோர். அவர் வெட்டிய குளத்தைப் பற்றி எங்கள் வீட்டில் பேசுவோம். அந்தக் காகிதத்தைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை.

அதை அவரிடம் சொன்னேன். கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, அவன் பெயர் என்ன என்று கேட்டார்.

எனக்கு ஞாபகம் இல்லை.