தேர்ந்தெடுக்காத பற்று

அமெரிக்காவின் தென்மாநிலங்களில், அவற்றுள்ளும் அலபாமாவில், கல்லூரிக் கால்பந்து பொழுதுபோக்கு என்ற சொல்லுக்குள் அடங்குவதில்லை. அங்கே கால்பந்து எனப்படுவது காலால் உதைத்து ஆடும் ஆட்டமன்று. இருமுனையும் கூம்பிய பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடக்க முயலும் ஆட்டம். அவ்வாறு கடப்பதை 'டச்டவுன்' என்பர். 1869இல் நியூ ஜெர்சியில் ரட்கர்ஸ் மாணவரும் பிரின்ஸ்டன் மாணவரும் மோதிய நாளிலிருந்து கல்லூரி ஆட்டத்தின் வரலாறு எண்ணப்படுகிறது. அலபாமாவில் முதல்நிலைத் தொழில்முறை அணி ஏதும் இல்லாமையால், பல்கலைக்கழக வாசலை ஒருநாளும் மிதித்திராத உழவரும் சுரங்கத் தொழிலாளரும்கூட டஸ்கலூசா நகரின் அலபாமா பல்கலைக்கழக அணியையோ அதன் பரம எதிரியான ஆபர்ன் அணியையோ தம்முடையதாகவே கருதி வாழ்ந்து, அந்த உரிமையைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துச் சென்றனர்.

இத்தகைய ரசிகர் தம் அணியைப் பற்றிய முதல் நினைவைச் சொல்லும்போது, அதில் ஆட்டம் பெரும்பாலும் மங்கிப்போயிருக்கிறது. எதிரணி எது, வென்றது யார் என்பவை மறைந்துவிடுகின்றன. தந்தையின் தோள்மீதிருந்து கண்ட கூட்டமும், சனிக்கிழமைப் பிற்பகலில் வானொலியருகே அசையாது அமர்ந்திருந்த பாட்டியும், வாத்தியக்குழுவின் முரசொலிக்கு அஞ்சி அழுத பிள்ளையை மடியில் இருத்திக்கொண்ட மாமனும் எஞ்சுகின்றனர். அறிவு முதிராத வயதில், பிறர் மடியில் அமர்ந்தபடி வந்து சேர்ந்த ஒரு பற்று அவருடைய சொந்தப் பற்று ஆகுமா, அல்லது சூழ்நிலை அவர்மேல் ஏற்றிவைத்த பழக்கம் மட்டுந்தானா என்ற வினா இங்கே எழுகிறது. சமயம் பற்றிய சிந்தனையிலும் இது பழைய வினாவே.

அந்த நினைவு எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்பதை முதலில் பார்க்க வேண்டும். பெரும்பாலோருக்கு மூன்று அல்லது நான்கு வயதுக்கு முற்பட்ட நிகழ்ச்சிகள் நினைவில் நிற்பதில்லை. உளவியலார் இதைக் குழந்தைப்பருவ மறதி என்பர். வளர்ந்தோரின் நினைவும் உறுதியானதன்று. 1986 ஜனவரியில் சாலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள், அச்செய்தியை எங்கே எவ்வாறு அறிந்தனர் என்பதை மாணவர்களிடம் எழுதி வாங்கிய உளவியலாளர் உல்ரிக் நைசர், சில ஆண்டுகள் கழித்து அவர்களிடம் மீண்டும் கேட்டபோது, பலர் வேறொரு கதையை முழு உறுதியுடன் கூறினர். ஆகவே முதல் ஆட்டத்தின் நினைவு என்று சொல்லப்படுவதில் ஒரு பகுதி, பின்னாளில் உணவு மேசையிலும் கார்ப் பயணங்களிலும் குடும்பத்தார் திரும்பத் திரும்பச் சொன்னதாகவே இருக்கக்கூடும். இதனால் அந்த நினைவு பொய்யாகிவிடாது. மனிதர் தம் கடந்தகாலத்தைத் தாம் சார்ந்த குழுவின் சட்டகங்களுக்குள் வைத்தே நினைவுகூர்கின்றனர் என்று பிரெஞ்சுச் சமூகவியலாளர் மோரிஸ் ஹால்ப்வாக்ஸ் 1925இல் எழுதினார். அவருக்குப் பதினைந்து நூற்றாண்டுகள் முன்பே, புனித அகுஸ்தீனார் தம் வாழ்வைக் கடவுள்முன் எடுத்துரைத்த 'அறிக்கைகள்' நூலில், தம் மழலைக்காலம் தமக்கு நினைவில்லை என்றும், பிறர் சொல்லக் கேட்டும் மற்றக் குழந்தைகளைப் பார்த்துமே அதை நம்புவதாகவும் ஒப்புக்கொண்டார். ஒருவருடைய தொடக்கத்துக்கு அவரே சாட்சியாக இருக்க முடிவதில்லை. அதைப் பிறரிடமிருந்தே பெற வேண்டியிருக்கிறது.

அலபாமாவில் இவ்வினா தனிக் கூர்மை பெறுவதற்குக் காரணமுண்டு. அம்மாநிலத்தில் மிகப் பெரிய கிறித்தவப் பிரிவினர் பாப்டிஸ்டுகள். அறியாக் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதை அவர்கள் ஏற்பதில்லை. விசுவாசத்தைத் தன் வாயால் அறிக்கையிடும் வயது வந்தவருக்கே முழுக்கு ஞானஸ்நானம் கொடுப்பர். தாய் தந்தையரின் பக்தி பிள்ளைக்குக் கணக்காகாது; ஒவ்வொருவரும் தாமே முடிவுசெய்ய வேண்டும். சபைமுன் ஒருவர் சொல்லும் சாட்சியில் ஒரு 'முன்பு' இருக்கும், ஒரு 'பின்பு' இருக்கும், இரண்டையும் பிரிக்கும் இரட்சிப்பின் நாள் இருக்கும். ஞாயிறன்று இவ்வாறு சாட்சி சொல்பவரே சனிக்கிழமை தம் அணியைப் பற்றிப் பேசும்போது முறை தலைகீழாகிறது. அங்கே 'முன்பு' என்பதே இல்லை. 'பிறந்ததிலிருந்தே' என்று சொல்லக் கிடைப்பதுதான் பெருமை. வெற்றிகளைக் கண்டு நடுவயதில் வந்து சேர்ந்தவர் ஐயத்தோடு பார்க்கப்படுகிறார். கடவுளைப் பற்றிய விஷயத்தில் ஏற்க மறுத்த குழந்தை ஞானஸ்நானத்தை, ஆட்டத்தைப் பற்றிய விஷயத்தில் இம்மக்கள் மனமார ஏற்றுக்கொண்டனர் எனலாம். இதை முரண்பாடு என்று ஒதுக்குவது எளிது. ஆனால் முடிவெடுப்பதை மட்டுமே அடித்தளமாகக் கொண்ட சமயம் இடமளிக்காத ஓர் உண்மைக்கு, அதாவது எதையும் தேர்ந்தெடுக்கும் முன்பே மனிதர் யாரோ ஒருவரால் ஏற்கப்பட்டிருக்கிறார் என்பதற்கு, அவர்கள் வேறோர் இடத்தில் இடம் கண்டனர் என்று கொள்வதே பொருந்தும்.

அமெரிக்கத் தத்துவவாதி ஹாரி ஃபிராங்க்ஃபர்ட், 2004இல் வெளியான 'அன்பின் காரணங்கள்' என்னும் நூலில், ஒன்று மதிப்புள்ளதாக இருப்பதால்தான் அதை நேசிக்கிறோம் என்பது எப்போதும் சரியன்று, நேசிப்பதாலேயே அது நமக்கு மதிப்புள்ளதாகிறது என்று வாதிட்டார். பெற்றோர் பிள்ளைகள்மேல் வைக்கும் அன்பு அவர் காட்டும் சான்று. ரசிகரின் பற்றுக்கும் இது பெருமளவு பொருந்தும். எந்த அணி சிறந்தது என்று ஆராய்ந்து எவரும் ஐந்து வயதில் அணி தேர்வதில்லை. எனினும் ஃபிராங்க்ஃபர்ட்டின் விளக்கத்தில் நேசிப்பவரும் நேசிக்கப்படும் பொருளுமே உள்ளனர். அப்பொருளை முதலில் சுட்டிக்காட்டிய கை அதில் இல்லை. முதல் நினைவுகளிலோ அந்தக் கைதான் நடுவில் நிற்கிறது. குழந்தை அணியை நேசிக்கவில்லை. தான் நேசித்தவர் நேசித்ததைத் தானும் பார்க்க விரும்பியது. பற்று சொந்தமாவது பின்னால்: தோற்றுக்கொண்டேயிருக்கும் ஆண்டுகளில், அல்லது தந்தை இறந்தபின் வரும் முதல் ஆட்டக்காலத்தில், விட்டுவிட முடிந்தும் விடாதிருக்கும்போது.

1958 முதல் 1982 வரை அலபாமா அணியின் பயிற்சியாளராக இருந்து ஆறு தேசியப் பட்டங்கள் வென்ற பேர் பிரையன்ட், தம் கடைசி ஆட்டம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகாத நிலையில் 1983 ஜனவரி 26 அன்று இறந்தார். அவருடைய இறுதி ஊர்வலத்தைக் காண, டஸ்கலூசாவிலிருந்து பர்மிங்ஹாம் கல்லறைத் தோட்டம் வரை நெடுஞ்சாலையின் இருமருங்கிலும் மேம்பாலங்களிலும் மக்கள் திரண்டு நின்றனர். அக்கூட்டத்தில் பெற்றோர் கைபிடித்து நின்ற ஒரு குழந்தைக்கு அணியைப் பற்றிய முதல் நினைவாக அமையக்கூடியது, பந்தே இல்லாத அந்த நாள்தான்.

ஆனால் வழிவழி வருவது அன்பு மட்டுமன்று. 1960களில் பட்டங்களை வென்ற அதே அலபாமா அணியில் கறுப்பின ஆட்டக்காரர் ஒருவரும் இல்லை. 1963 ஜூனில் இரு கறுப்பின மாணவர் பல்கலைக்கழகத்தில் சேர வந்தபோது ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் வாசலை மறித்து நின்றார். அக்காலத்து வெள்ளையினச் சிறுவன் தந்தையின் தோளில் அமர்ந்து பெற்ற மகிழ்ச்சி, அதே வயதுடைய கறுப்பினச் சிறுவனுக்கு மூடப்பட்ட கதவுக்குப் பின்னால் நிகழ்ந்தது. அந்த நினைவைத் துறக்க வேண்டியதில்லை, துறக்கவும் இயலாது. எனினும் தேர்ந்தெடுக்காத அன்பைத் தன்னுடையது என்று ஏற்பவர், தேர்ந்தெடுக்காத அநீதியைத் தனக்குத் தொடர்பற்றது என்று விலக்கிவிட முடியாது. இரண்டும் ஒரே கையிலிருந்து வந்தவை.

1970 செப்டம்பரில் பர்மிங்ஹாமின் லீஜன் ஃபீல்டு அரங்கில், கறுப்பின வீரர் சாம் கன்னிங்ஹாம் முன்னின்று ஆடிய தென் கலிஃபோர்னியா அணி அலபாமாவை 42–21 என வீழ்த்தியது. அந்த ஒரே நாளில் எல்லாம் மாறியதாகப் பின்னாளில் சொல்லப்பட்டது மிகை. வில்பர் ஜாக்சன் என்னும் கறுப்பின மாணவர் அதற்கு முன்பே ஆட்ட உதவித்தொகை பெற்றுப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருந்தார். அடுத்த ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸில் அதே எதிரணியை அலபாமா 17–10 என வென்றபோது, அந்த அணிக்காகக் களமிறங்கிய முதல் கறுப்பின வீரராக ஜான் மிட்செல் ஆடினார். தந்தை தம் முதல் நினைவைச் சொன்ன அதே வீடுகளில், 1971இல் பந்தை முதன்முதலாகப் பார்த்த பிள்ளைக்கு கறுப்பின வீரர் இல்லாத அலபாமா அணி என்று ஒன்று நினைவிலேயே இல்லை. அப்படி ஓர் அணி இருந்ததை அதற்கு யாராவது சொல்லத்தான் வேண்டியிருந்தது.