மருந்து சரி, புட்டி எங்கே?

1913-இல் டாக்டர் ஆல்பர்ட் ஷ்வைட்சரும் மனைவி ஹெலனும் ஆப்பிரிக்காவில் காபோனின் லாம்பரேனே மிஷன் வளாகத்துக்கு வந்தபோது, வைத்தியம் பார்க்கக் கிடைத்த முதல் அறை ஒரு பழைய கோழிக்கூடு. வெள்ளையடித்து அதையே ஆஸ்பத்திரி ஆக்கினார்கள். கருவிகள், கட்டுத்துணி எல்லாம் ஹெலன் பொறுப்பு. அவர் பயிற்சி பெற்ற நர்ஸ்.

மருத்துவத் தொண்டு என்றதும் நம் நினைவுக்கு வருவது ஆபரேஷன் மேஜைதான். லாம்பரேனேயில் அன்றாடத் தலைவலியோ காலிப் புட்டி! மழைக்காட்டு ஈரத்தில் காகிதப் பொட்டலம் ஊறிப்போகும். மாத்திரை, களிம்பு எதுவானாலும் புட்டியிலோ தகர டப்பாவிலோதான் தரவேண்டும். வாங்கிப்போனவர்கள் லேசில் திருப்பித் தருவதில்லை. யார்தான் தருவார், நல்ல டப்பாவை?

ஆகவே தினமும் காலையில், காத்திருப்பவர்கள் காதில் விழும்படி ஒருவர் சட்டதிட்டங்களைச் சொல்வார்: டாக்டர் வீட்டருகே துப்பக்கூடாது, சத்தமாகப் பேசக்கூடாது, ஒருநாள் சாப்பாட்டைக் கையோடு கொண்டுவர வேண்டும், புட்டியும் டப்பாவும் திரும்பி வந்தாக வேண்டும். பிறகுதான் வைத்தியம். பார்த்து முடித்ததும் ஆளுக்கொரு வட்ட அட்டை, அதில் எண். பெரும்பாலோர் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்கள். அட்டை பத்திரமாகத் திரும்பி வந்தது. புட்டிக்குத்தான் ஐரோப்பிய நண்பர்களிடம் கையேந்த வேண்டியிருந்தது.