சிறையுள் நாடகம்

சிறைப்பட்டாரை நாடகம் நடிக்கச் செய்தல் அறமாகுமோ என்னும் வினா சான்றோர் பலர்க்கும் எழுவதொன்றாம். ஒறுக்கப்பட்டாரை மேடையேற்றிக் கைதட்டிப் போற்றுதல், அவரால் நொந்த குடும்பங்களின் துயரை இகழ்வதாகாதோ என்பதே அவ்வினாவின் உட்கிடை. இதனை ஓர் உண்மை நிகழ்ச்சிகொண்டு ஈண்டு ஆராய்வாம்.

இத்தாலி நாட்டு ரோம் நகரில் ரெபிப்பியா என்னும் சிறைச்சாலை உளது. அதன் கடுங்காவற் பிரிவில் இருந்தோர் ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீஸர்' நாடகத்தைத் தத்தம் ஊர்ப்பேச்சு வழக்கிற் பயின்று நடித்தனர். தாவியானி உடன்பிறந்தார் இருவர் அதனைத் திரைப்படமாக்கினர். அப்படம் 2012-ஆம் ஆண்டு பெர்லின் திரைப்பட விழாவில் தங்கக் கரடிப் பரிசு பெற்றது. நடித்தாருட் கொலைக்குற்றத்திற்கு ஒறுக்கப்பட்டாரும் இருந்தனர். நாடகமும் கொலையைப் பற்றியதே.

கொலை செய்தாரைக் கொலையே நடிக்கச் செய்தல் தீயில் நெய் சொரிதலன்றோவெனின், அற்றன்று. என்னை? சீஸர் மூன்றாம் அங்கத்தின் தொடக்கத்திலேயே வீழ்கின்றான். எஞ்சிய பகுதி முழுதும் அச்செயலின் விளைவேயாம். நாட்டு நலங்கருதிக் கொன்றேன் என்று தன்னைத் தேற்றிக்கொண்ட புரூட்டஸும், உடனின்ற காஸியஸும் ஈற்றில் தம் வாளுக்கே இரையாகின்றனர். தன் செயலுக்குத் தான் கற்பித்துக்கொண்ட நியாயத்தைப் பிறன் பெயரில் தன் வாயாற் சொல்லும்போது, அதன் பொய்மை ஒருவனுக்குப் புலனாதல் கூடும். தண்டனை கையைக் கட்டும். உள்ளத்தைத் திருப்புதற்கு அஃதொன்றே போதாது.

வேடம் பயின்றவன் மனந்திருந்தினான் போலவும் நடிக்க வல்லனன்றோவெனின், ஆம், வல்லனே. அதனாற்றான் நடிப்பை விடுதலைக்கு விலையாக்கலாகாது என்கின்றேம். அத்திரைப்படத்திலும், ஆரவாரம் அடங்கியபின் நடிகர் தத்தம் அறைக்கே மீள்கின்றனர், கதவுகள் பூட்டப்படுகின்றன. காஸியஸாக நடித்தவரோ, கலையை அறிந்த பின்னரே அவ்வறையைச் சிறையென உணர்ந்ததாகக் கூறுகின்றார். இஃது இன்பமன்று, துன்பத்தின் மிகுதியே. ஆதலின் நாடகம் தண்டனையைக் குறைத்ததெனல் பொருந்தாது. தண்டனையை உணரவல்ல உள்ளத்தை அஃது எழுப்பிற்றென்க.

மாண்டார் குடும்பத்தார்க்கு இந்நாடகம் ஈடாகுமோவெனின், ஆகாது; ஆகுமென்பார் பிழைபடுவர். கைதட்டல் நடித்தமைக்கேயன்றிச் செய்த குற்றத்தை மறந்தமைக்கன்று. ஆயினும், தான் இழந்தது இன்னதென்று அறியாதான், பிறர்க்குத் தான் இழைத்த இழப்பை எங்ஙனம் அறிவான்? அவ்வறிவுக்கு ஒரு வாயிலாதல் பற்றியே சிறையுள் நாடகம் அறமாகும் என்பது எம் துணிபு. வாயிலைத் திறந்துவைத்தல் நம் கடன். புகுதல் அவர் கடன்.