கரடியின் பசியும் பட்டுப்புழுவின் உயிரும்

துருவக் கரடி ஆர்க்டிக் கடல்பனியில் வாழ்கிறது. பனியில் உள்ள மூச்சுத் துளையருகே மணிக்கணக்காக அசையாமல் காத்திருந்து, மூச்சுவிட மேலே வரும் சீலைப் பிடிக்கிறது. சீலின் கொழுப்பே அதற்கும் அதன் குட்டிகளுக்கும் உயிர். அப்படியானால் கரடி செய்வது பாவமா?

பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற காஞ்சிபுரத்திலும் இப்படி ஒரு கேள்வி உண்டு. பட்டுப்புழு மல்பெரி இலையைத் தின்று வளர்ந்து, வாயிலிருந்து வரும் ஒரே இழையால் கூடு கட்டுகிறது. இழையின் நீளம் சுமார் 1,000 மீட்டர். உள்ளே புழு அந்துப்பூச்சியாகி வெளியேறினால் கூடு துளைபட்டு இழை அறுந்துவிடும். அதனால் உள்ளிருக்கும் கூட்டுப்புழுவைச் சூட்டில் கொன்றே நூல் எடுக்கிறார்கள்.

அதே ஊரை ஒட்டிய திருப்பருத்திக்குன்றத்தில், கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட சமணரின் திரைலோக்கியநாதர் கோயில் இருக்கிறது. எறும்பும் நசுங்காதபடி மயிற்பீலியால் மெல்ல விலக்குவது திகம்பரத் துறவியர் வழக்கம்.

மனிதருக்கு ஆறறிவு என்பது தமிழ் மரபு. நன்மை தீமையை ஆராய்ந்து தேர்வதே ஆறாவது அறிவு. கரடிக்கு அந்தத் தேர்வு இல்லை. பசிக்கு அது கொல்வது பாவமாகாது. மனிதருக்குத் தேர்வு உண்டு. பூச்சி வெளியேறிய கூட்டிலிருந்து நூற்கும் அகிம்சைப் பட்டும் இன்று கிடைக்கிறது. பாவமும் புண்ணியமும் தேர்ந்தெடுக்கத் தெரிந்தவருக்கே உரியவை.