பல்கலைக்கழகம் பட்ட கடன்

1838ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் தேதி அமெரிக்காவில் ஒரு விற்பனை ஒப்பந்தம் கையெழுத்தானது. விற்றவர்கள் மேரிலாந்து மாநிலத்து இயேசு சபைக் குருக்கள். வாங்கியவர்கள் லூசியானாவின் தோட்ட முதலாளிகள். விற்கப்பட்டவர்கள் 272 கறுப்பின அடிமைகள். பட்டியலின் முதல் பெயர் ஐசக், வயது 65. அடுத்து அவர் குடும்பத்தார், பிறகு மற்றவர்கள், கைக்குழந்தைகள் உட்பட. விலை 1,15,000 டாலர். குடும்பங்களைப் பிரிக்கக் கூடாது, கிடைக்கும் பணத்தைக் கடன் அடைக்கச் செலவிடக் கூடாது என்று ரோமிலிருந்த சபைத் தலைவர் நிபந்தனை போட்டிருந்தார். குடும்பங்கள் சிதறின. பணத்தில் ஒரு பகுதி சபை நடத்திய ஜார்ஜ்டவுன் கல்லூரியின் கடனுக்குப் போனது. கல்லூரி பிழைத்துக்கொண்டது.

2016இல், பல்கலைக்கழகமாக வளர்ந்திருந்த ஜார்ஜ்டவுன் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அந்த அடிமைகளின் வழிவந்தவர்கள் விண்ணப்பித்தால், முன்னாள் மாணவர்களின் பிள்ளைகளுக்குக் காட்டும் அதே முன்னுரிமை அவர்களுக்கும் உண்டு. மறு ஆண்டு, இயேசு சபை அந்த வாரிசுகளின் முன்னிலையில் மன்னிப்புக் கேட்டது. விற்பனையை நடத்திய பாதிரியாரின் பெயரைத் தாங்கியிருந்த கட்டடம், பட்டியலின் முதல் பெயரால் ஐசக் ஹாக்கின்ஸ் மண்டபம் ஆனது.

பல்கலைக்கழகச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கலாமா என்று அமெரிக்கா அரை நூற்றாண்டாக வாதாடிவருகிறது. அந்த வாதத்தில் வெகு சீக்கிரமே காணாமல் போன ஒரு கேள்வியை ஜார்ஜ்டவுன் மறுபடி எடுத்து வைத்தது. இது உதவியா, கடனா?

தொடக்கத்தில் அது கடனாகத்தான் பேசப்பட்டது. 1965 ஜூனில் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் பேசிய அதிபர் லிண்டன் ஜான்சன், பல காலம் விலங்கிட்டு வைத்திருந்தவனை அவிழ்த்துவிட்டு, மற்றவர்களோடு சேர்ந்து ஓடு, போட்டி நியாயமானது என்று சொல்லிவிட முடியாது என்றார். 1978இல் பாக்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கலிபோர்னியாவின் டேவிஸ் மருத்துவக் கல்லூரி 100 இடங்களில் 16ஐச் சிறுபான்மையினருக்கு ஒதுக்கியிருந்தது. இடம் கிடைக்காத ஆலன் பாக்கி என்ற வெள்ளையர் வழக்குப் போட்டார். ஒதுக்கீடு செல்லாது, ஆனால் பல காரணிகளில் ஒன்றாக இனத்தைப் பார்க்கலாம் என்று எழுதினார் நீதிபதி லூயிஸ் பவல். சமுதாயம் பொதுவாகச் செய்த அநீதிக்கு ஒரு கல்லூரி பரிகாரம் தேட முடியாது என்பது அவர் முடிவு. அந்தக் கல்லூரி தொடங்கியதே 1968இல்தான். பலதரப்பட்ட மாணவர்கள் சேர்ந்து படித்தால் எல்லோருக்கும் கல்வி சிறக்கும் என்ற ஒரே காரணத்தை அவர் ஏற்றுக்கொண்டார்.

அந்தத் தீர்ப்பு கதவைத் திறந்து வைத்தது போலத் தோன்றும். உண்மையில் அது வாதத்தின் அஸ்திவாரத்தையே மாற்றிவிட்டது. அதன்பின் ஒரு கறுப்பின மாணவிக்கு இடம் தரும்போது, உன் முன்னோருக்கு இழைத்த தீங்குக்காகத் தருகிறோம் என்று சொல்ல முடியாது. நீ வந்தால் பக்கத்து இருக்கையில் இருப்பவனின் படிப்பு மேம்படும் என்றே சொல்ல வேண்டும். நீதிபதி தர்குட் மார்ஷல் அதே வழக்கில் தனியாக எழுதிய கருத்தில், அடிமை வரலாற்றைத் தொடக்கத்திலிருந்து விவரித்தார். பெரும்பான்மை அந்தப் பக்கம் வரவில்லை.

2023 ஜூன் 29ஆம் தேதி தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் எழுதிய ஹார்வர்டு தீர்ப்பு, சேர்க்கையில் இனத்தைப் பார்க்கக் கூடாது என்று சொல்லி எஞ்சியதையும் இடித்தது. பன்முகத்தன்மை என்கிறீர்களே, அதை எதைக் கொண்டு அளப்பது, எப்போது போதும் என்பது என்று அவர் கேட்டதற்குப் பல்கலைக்கழகங்களிடம் நல்ல பதில் இல்லை. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆசிய வம்சாவளி மாணவர்களுக்கு ஹார்வர்டு 'ஆளுமை' மதிப்பீட்டில் தொடர்ந்து குறைந்த புள்ளி போட்டதும் அந்த வழக்கில்தான் அம்பலமானது. மதிப்பெண்ணில் குறை காண முடியாத பிள்ளைகளின் குணத்தில் குறை கண்டது அநியாயம்.

ஹார்வர்டின் கதையில் மனத்தை உறுத்தும் இன்னொன்றும் உண்டு. 2022 ஏப்ரலில் அது தன் அடிமை வரலாற்றைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. அதன் தலைவர்களும் ஆசிரியர்களும் ஊழியர்களும் 70க்கும் மேற்பட்ட அடிமைகளை வைத்திருந்தார்கள் என்று ஒப்புக்கொண்டு, 10 கோடி டாலர் ஒதுக்கியது. அதே ஆண்டு அக்டோபர் 31ஆம் தேதி நீதிமன்றத்தில் அதன் வழக்கறிஞர்கள் வாதாடியது பன்முகத்தன்மைக்காக. பவல் வகுத்த பாதையில் வேறு வாதத்துக்கு இடம் இருக்கவில்லை.

கிறிஸ்தவ அறநூல் இதில் தெளிவாக இருக்கிறது. பிறர் பொருளைக் கவர்ந்தவன் அதைத் திருப்பித் தருவது தர்மம் செய்வது ஆகாது, நீதியின் கட்டளை என்றார் தாமஸ் அக்வினாஸ். தர்மம் கொடுப்பவர் மனம் வைத்தால் நடப்பது. கடன் மனம் வைக்காவிட்டாலும் தீர வேண்டியது. இதற்கு எதிரான குரலும் விவிலியத்துக்குள்ளேயே இருக்கிறது. தகப்பன் செய்த பாவத்தை மகன் சுமக்க மாட்டான் என்கிறது எசேக்கியேல் ஆகமம். 2023இல் விண்ணப்பிக்கும் ஒரு வெள்ளைக்காரப் பையன் 1838க்கு ஏன் பொறுப்பேற்க வேண்டும்? ஏற்க வேண்டியதில்லை. ஆனால் ஜார்ஜ்டவுன் சாகவில்லை. அதே பெயர், அதே சபை, அந்தப் பணத்தால் காப்பாற்றப்பட்ட அதே நிறுவனம். சொத்துக்கு வாரிசாக இருப்பவர் கடனுக்கும் வாரிசு என்பதை எந்த ஊர்ப் பஞ்சாயத்தும் ஒத்துக்கொள்ளும்.

பிறப்பால் வரும் சலுகையை அமெரிக்கக் கல்லூரிகள் என்றும் வெறுத்ததில்லை. வழக்கில் வெளியான ஹார்வர்டு தரவுகளை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள், அங்கே அனுமதி பெற்ற வெள்ளை மாணவர்களில் 43 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் விளையாட்டு வீரர்கள், முன்னாள் மாணவர் பிள்ளைகள், ஊழியர் பிள்ளைகள், நன்கொடையாளர் உறவுகள் அடங்கிய சிறப்புப் பட்டியலினர் என்று கண்டார்கள். தாத்தா படித்ததற்குப் பேரனுக்குச் சலுகை செல்லும். தாத்தாவின் தாத்தாவை விற்றதற்குப் பேத்திக்குச் செல்லாது என்பதை எந்த நியாயத்தில் ஏற்பது?

இந்த விவகாரத்தில் அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்களும் பார்வையாளர்களாக நிற்க முடியாது. 1946க்குப் பிறகும் இந்தியாவிலிருந்து ஆண்டுக்கு 100 பேருக்குத்தான் குடியேற்ற ஒதுக்கீடு இருந்தது. அந்த முறையை ஒழித்த சட்டத்தில் 1965 அக்டோபரில் கையெழுத்திட்டவர் அதே ஜான்சன். கறுப்பின மக்கள் அடிபட்டு, சிறைப்பட்டு நடத்திய உரிமைப் போராட்டம் உண்டாக்கிய சூழலில் வந்த சட்டம் அது. சென்னையிலிருந்து போன பொறியாளர்களும் மருத்துவர்களும் அந்த வாசல் வழியாகத்தான் நுழைந்தார்கள். 'ஆசியர்' என்ற ஒரே கட்டத்தில் அவர்கள் பிள்ளைகளையும் லாவோஸிலிருந்து அகதியாக வந்த குடும்பத்துப் பிள்ளையையும் அடைத்தது தவறு. அதைத் தட்டிக்கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. கறுப்பினத்தவரின் கணக்கு தீர்ந்துவிட்டது என்று சொல்லும் உரிமை அதில் அடங்காது.

தீர்ப்புக்குப் பின் எம்.ஐ.டி.யில் புதிதாகச் சேர்ந்த மாணவர்களில் கறுப்பினத்தவர் பங்கு 13 சதவீத அளவிலிருந்து 5 ஆக இறங்கியது. இனம் தன் வாழ்க்கையைப் பாதித்த விதத்தை விண்ணப்பக் கட்டுரையில் எழுதலாம் என்று ராபர்ட்ஸ் இடம் விட்டிருக்கிறார். அதாவது, பதினேழு வயதுப் பெண் தன் காயங்களை எழுதிக் காட்ட வேண்டும், கல்லூரி அதைப் படித்து மதிப்பிடும். கணக்குக் காட்ட வேண்டியவரும் கேட்க வேண்டியவரும் இடம் மாறிவிட்டார்கள்.

டேவிஸ் போல அடிமைப் பேரேடு இல்லாத கல்லூரிகள் என்ன செய்வது? அங்கே கடன்பட்டது அரசு. 1930களில் கூட்டரசு நிறுவனம் ஒன்று நகர வரைபடங்களில் கறுப்பர் வாழ்ந்த வீதிகளுக்குச் சிவப்பு வண்ணம் பூசி, கடன் கொடுக்க ஆபத்தான இடம் என்று முத்திரை குத்தியது. அந்தப் பகுதிகளில் வீட்டுக்கடன் கிடைப்பது குதிரைக்கொம்பாயிற்று. பக்கத்து வெள்ளைக் குடும்பங்கள் வீடு வாங்கி, சொத்துச் சேர்த்து, பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பின. வரைபடங்கள் இன்றும் இருக்கின்றன, வீதிவாரியாக. அந்த வீதிகளில் வளர்ந்த பிள்ளைகளுக்கு முன்னுரிமை தர, விண்ணப்பத்தில் யாருடைய நிறத்தையும் கேட்க வேண்டியதில்லை.