முதல் மரியாதை வேண்டாம் என்றால் தெய்வக்குற்றமா?

கேள்வி: எங்கள் ஊர் அம்மன் கோயில் திருவிழாவில் நான்கு தலைமுறையாக எங்கள் குடும்பத்துக்குத்தான் பரிவட்டமும் முதல் காளாஞ்சியும். அப்பா காலமாகிவிட்டதால் இந்த ஆண்டு என் மகன் நிற்க வேண்டும். அவனோ, "காலனிக்காரர்கள் வாசலுக்கு வெளியே நிற்கும்வரை எனக்குப் பரிவட்டம் வேண்டாம்" என்கிறான். தெய்வக்குற்றம் ஆகிவிடாதா?

- ஒரு வாசகர், சிவகங்கை மாவட்டம்

பதில்: ஆகாது.

பரிவட்டம் என்பது சுவாமிக்குச் சாத்திய துணி. திருநீறு போல, துளசி போல அதுவும் ஒரு பிரசாதம். ஆனால் ஊர்த் திருவிழாவில் அது தலையில் ஏறும் விதத்தைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். மேளம் நிற்கும், பெயர் சொல்லி அழைப்பார்கள், பூசாரி துணியைச் சுற்றி முடிச்சுப் போடுவார், தேங்காய் பழத் தட்டு கைக்கு வரும். அதே பூசாரி, கடைசியில் நிற்பவருக்குத் திருநீற்றைக் கை படாமல் மேலிருந்து போடுவார். ஊரில் யாருக்கு நிலம் இருந்தது, யார் யாருக்குக் கைகட்டி நின்றார்கள் என்ற கணக்கை ஆண்டுக்கு ஒருமுறை அம்மன் முன்னால் படித்துக் காட்டும் சடங்கு அது. தட்டு வாங்குபவருக்கு இது உறைப்பதில்லை. தங்கள் மகனுக்கு உறைத்திருக்கிறது.

தங்கள் மாவட்டத்திலேயே கண்டதேவி இருக்கிறது. சொர்ணமூர்த்தீஸ்வரர் தேருக்கு நான்கு வடம், நான்கு ஊர்த்தொகுதிகளின் நாட்டார். பட்டியலினத்தவரும் வடம் பிடிக்கலாமா என்ற தகராறில் 1998-இல் தேர் நின்றது. இடையில் சில ஆண்டுகள் போலீஸ் காவலோடு ஓடியது; பிறகு தேர்ப்பழுது, வழக்கு என்று மறுபடியும் நிலையிலேயே நின்றுவிட்டது. நீதிமன்றம் தலையிட்டு, 17 ஆண்டுகளுக்குப் பிறகு 2024 ஜூனில்தான் அது வீதிக்கு வந்தது. சுவாமியை அத்தனை ஆண்டுகள் வீதியுலா வரவிடாமல் நிறுத்தி வைத்ததை யாரும் தெய்வக்குற்றம் என்று பேசியதாகத் தெரியவில்லை!

தெய்வக்குற்றம் என்ற அச்சம் 1939-லும் கிளப்பப்பட்டது. அந்த ஆண்டு ஜூலை 8 அன்று காங்கிரஸ் தலைவர் வைத்தியநாதய்யர், அதுவரை உள்ளே விடப்படாத சாதிகளைச் சேர்ந்த கக்கன் உள்ளிட்ட சிலரை அழைத்துக்கொண்டு மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தார். அம்மன் கோயிலை விட்டே போய்விட்டாள் என்றார்கள் எதிர்த்தவர்கள். சித்திரை மாதத்தில் மதுரைக்குப் போய்ப் பார்த்தவர்களுக்கு அவள் எங்கே இருக்கிறாள் என்று சொல்ல வேண்டியதில்லை.

வைணவர்கள் போற்றும் கதை ஒன்றும் உண்டு. ஸ்ரீரங்கத்து அரங்கனின் திருமஞ்சனத்துக்குக் காவிரியில் நீர் எடுக்கப் போன அர்ச்சகர் லோகசாரங்கர், வழியில் மெய்மறந்து நின்ற, தீண்டத்தகாதவராகக் கருதப்பட்ட பாணர் மீது கல்லெறிந்தார். ரத்தம் வழிந்தது அரங்கன் நெற்றியில். பாணரைத் தோளில் தூக்கி வரும்படி லோகசாரங்கருக்கே உத்தரவானது. பாணர் திருப்பாணாழ்வார் ஆனார். கதையில் ஒரு நுட்பம்: ஒதுங்கி நின்றவரை 'உள்ளே வா' என்று கூப்பிட்டதோடு அரங்கன் விடவில்லை. கல்லெறிந்தவர் தோள் கொடுக்க வேண்டியிருந்தது. கதாகாலட்சேபங்களில் இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள்.

கேள்வி: அப்படியானால் பூசை செய்யும் உரிமையும் பிறப்பால் வருவதில்லையா?

பதில்: சட்டப்படி, பரம்பரை வாரிசு என்பதற்காக மட்டும் யாரும் அர்ச்சகர் ஆக முடியாது. 1970-இல் தமிழக அரசு அந்த வாரிசுரிமையை நீக்கியது. 1972-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது, ஆனால் ஆகம விதிகளை மீறக் கூடாது என்றும் சொன்னது. அந்த ஒரு வரியை வைத்துத்தான் இன்றுவரை வழக்குகள் நடக்கின்றன. பயிற்சி முடித்த பல சாதியினர் 24 பேருக்கு 2021 ஆகஸ்ட் 14 அன்று பணி ஆணை கிடைத்தது.

முதல் கேள்வி கேட்ட வாசகருக்கு இன்னொரு வார்த்தை: மகன் விலகிக்கொண்டால் பரிவட்டம் பங்காளி வீட்டுக்குப் போகும், வாசல் அப்படியேதான் இருக்கும். காப்புக் கட்டுவதற்கு முன் நடக்கும் ஊர்க்கூட்டத்தில் இதை அவனே பேசட்டும். பக்கத்தில் தாங்களும் உட்காருங்கள்.