ஓசையிடும் தொட்டியும் உறங்கும் மனமும்

குற்றம் பெரிதாயின் மனிதன் அஞ்சுகிறான். சிறிதாயின் அதனோடு குடித்தனம் நடத்தப் பழகிவிடுகிறான். இவ்விரண்டில் எது ஆபத்தானது என்பதே ஈண்டு நாம் எடுத்துக்கொண்ட வினா. இதற்குப் பெருநூல் எதனையும் புரட்ட வேண்டியதில்லை. நம் வீட்டுக் கழிவறையே போதுமானது. வாசகர்கள் முகம் சுளிக்க வேண்டாம். கழிவறைக்குள் எந்தக் காலை முதலில் வைப்பது என்பது வரை ஒழுங்கு கற்பிக்கப்பட்டோர்க்கு இது பேசத் தகாத பொருளன்று.

நாம் மயிலாப்பூரில் ஒரு மாடிக் குடியிருப்பில் வாடகைக்கு இருந்து வருகிறோம். சில மாதங்களுக்கு முன் கழிவறையின் ஃபிளஷ் தொட்டி ஓசையிடத் தொடங்கிற்று. பகலில் வீதி இரைச்சலில் அது கேளாது. இரவு பத்து மணிக்கு மேல் ‘உஸ்’ என்று இடையறாது சீறும். அவ்வப்போது சுவர்க் குழாய் முழுதும் அதிர, ‘தட்’ என்று ஓரடி அடித்து ஓயும். முதல் வாரம் உறக்கம் கெட்டது. இரண்டாம் வாரம் கதவைச் சாத்திக்கொண்டோம். மூன்றாம் வாரம் அவ்வோசை நம் செவியில் விழவேயில்லை.

நம் மனத்திற்கு ஒரு சமாதானமும் கையிலிருந்தது. வாடகை வீட்டைப் பழுது பார்ப்பது உரிமையாளரின் கடமை. குடியிருப்பவரைக் கட்டாயப்படுத்த முடியாது என்பது பிக்ஹு நூல்களில் நாமே மாணவர்க்கு நடத்தும் பாடம். உரிமையாளருக்கு இருமுறை சொல்லியாயிற்று. அவர் ‘ஆகட்டும்’ என்றார். சட்டம் நம்மை விடுவித்துவிட்டது என்று நாம் உறங்கினோம். மூன்று மாதங்கள் கழிந்தன.

ஒருநாள் மாடிப்படியில் கீழ்வீட்டு அம்மையார் தயங்கியபடி நின்றார். “பாய், தப்பா நினைக்காதீங்க. ராத்திரி உங்க குழாய் அடிக்கிற சத்தத்தில அவர் திடுக்கிட்டு எழுந்து உக்காந்துடறார். ஆபரேஷன் ஆன உடம்பு. நீங்க படிச்சவர், உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் இத்தனை நாள் சும்மா இருந்தேன்” என்றார். நம் படிப்பே அவர் வாயை மூடி வைத்திருந்தது என்பதை அறிந்தபோது நாம் கூசிப்போனோம்.

அன்று மாலையே பிளம்பர் ஒருவரை அழைத்து வந்தோம். அவர் முதலில் கேட்டது துணிக்குப் போடும் சொட்டு நீலம். தொட்டியில் சில துளிகள் விட்டு, ஃபிளஷ் செய்யாமல் காத்திருக்கச் சொன்னார். கால் மணி நேரத்தில் கீழே பீங்கானில் நீலம் இறங்கிற்று. தொட்டியின் அடியில் வாயை அடைக்கும் இரப்பர் மூடி தேய்ந்து, நீர் ஓயாது கசிந்துகொண்டிருந்தது. நீர் நிறையாததால் மிதவை முழுதும் எழவில்லை; மிதவை எழாததால் வால்வு முழுதும் மூடவில்லை; அச்சிறு இடுக்கில் நெருக்கியடித்து வரும் நீரே சீறிற்று. வால்வின் வாஷரும் தேய்ந்திருந்தமையால், அது சட்டென மூடும்போதெல்லாம் ஓடி வந்த நீர் முட்டிக் குழாயை அடித்தது. அக்குழாயைச் சுவரோடு பிடித்திருந்த கிளாம்பும் தளர்ந்திருந்தது.

கசிவின் அளவையும் அவர் காட்டினார். நீர்மட்டத்தில் பென்சிலால் கோடிட்டு, உள்வரும் குழாயை மூடிப் பத்து நிமிடம் காத்திருந்தோம். மீண்டும் அக்கோடு வரை நிரப்ப 200 மில்லி லிட்டர் தம்ளரால் பத்துத் தம்ளர் நீர் தேவைப்பட்டது. நிமிடத்திற்கு ஒரு தம்ளர். நாளொன்றுக்கு 288 லிட்டர்! பதினைந்து லிட்டர்க் குடத்தில் பத்தொன்பது குடம். மூன்று மாதத்திற்கு ஏறத்தாழ 26,000 லிட்டர். 9,000 லிட்டர் லாரிகள் மூன்றை நாம் சாக்கடையில் கவிழ்த்திருக்கிறோம்.

எவ்வூரில் இது நடந்தது என்பதையும் எண்ண வேண்டும். 1920களில் நெடிய ஏரியொன்றைத் தூர்த்து எழுப்பிய நகரம் தியாகராய நகர். ஏரியின் மீதே குடியேறிய ஊர், 2019ஆம் ஆண்டு ஜூனில் பூண்டியும் சோழவரமும் புழலும் செம்பரம்பாக்கமும் வறண்டு கிடக்கக் குடத்தோடு வீதியில் நின்றது. ஜூலை 12ஆம் நாள் ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் நீர் இரயிலேறி வில்லிவாக்கம் வந்தது. அவ்வரிசையில் நின்றவர்களுள் நம் வீட்டாரும் உண்டு. ஐந்தாறு ஆண்டுகளில் மறந்தோம்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு ‘முத்து’ அளவு நீரில் ஒளூச் செய்ததாக ஆதாரபூர்வமான அறிவிப்பு உண்டு. முத்து என்பது இரு கைகளும் சேர்த்து ஏந்துமளவு. ஷாபிஈ கணக்கில் முக்கால் லிட்டரைத் தாண்டாது. அவ்வாறாயின் நம் தொட்டி நாள்தோறும் ஒழுகவிட்டது 384 பேரின் ஒளூ நீர். இப்பாடத்தை நாம் வகுப்பில் நடத்திவிட்டு வந்து, சீறும் தொட்டிக்கு அருகே உறங்கியிருக்கிறோம்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. உரிமையாளர் அனுமதியின்றி வாடகைதாரர் பழுது பார்த்தால் அச்செலவு ‘தபர்ருஃ’, அதாவது மனமுவந்த கொடை. திருப்பிக் கேட்க முடியாது என்பது அதே நூல்கள் கூறும் சட்டம். அதனை இதுகாறும் எச்சரிக்கையாகவே படித்து வந்தோம். அது ஒரு வாசல் என்பது அன்றுதான் விளங்கிற்று. கடமை அன்று என்பதால் செய்யக் கூடாது என்றாகுமா? கடமை முடியுமிடத்தில் கொடை தொடங்குகிறது. புது இரப்பர், புது வாஷர், இறுக்கிய கிளாம்பு, ஒரு மணி நேரக் கூலி! இவ்வளவே அக்கொடை.

ஆயினும் கணக்கு அத்தோடு முடியவில்லை. அடியார்க்குரிய உரிமையை அடியாரே மன்னிக்க வேண்டும் என்பது நம் கொள்கை. கீழ்வீட்டாரிடம் சென்று மன்னிப்புக் கேட்டோம். அம்முதியவர் சிரித்துக் காப்பி கொடுத்தார். ஆனால் அந்த 26,000 லிட்டருக்கு யாரிடம் மன்னிப்புக் கேட்பது? அதற்குரியவர்கள் அடுத்த தெருவிலும் இருப்பர். இன்னும் பிறவாமலும் இருப்பர். உரியவர் இன்னார் எனத் தெரியாத பொருளை அவர் சார்பில் தருமம் செய்க என்பது அறிஞர் காட்டிய வழி. ஆகவே அந்நீரின் விலையைக் கோடையில் தண்ணீர்ப் பந்தல் வைக்கும் தெரு இளைஞரிடம் இரு தவணைகளில் கொடுத்தோம். தீர்ந்தது என்று சொல்லத் துணிவில்லை.

ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த பனூ மூஸா சகோதரர்கள் தம் பொறிகளில் மிதவை வால்வுகளை அமைத்துக் காட்டினர். போதுமான நீர் வந்ததும் தானே நிறுத்திக்கொள்ளும் பொருள் அது. அது பழுதானால் ஓசையிட்டேனும் அறிவிக்கிறது. மனம் பழுதானால் ஓசையும் நின்றுவிடுகிறது. பெருங்குற்றம் நம்மை எழுப்பிவிடும், சிறுகுற்றமோ தாலாட்டும். தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு நமக்குக் கிட்டிய விடை இதுவே.

வாசகர்கள் இன்றிரவு விளக்கணைத்தபின் சற்றே செவி சாய்த்துப் பார்ப்பார்களாக. பழகிப்போன ஓசைகளை மீண்டும் கேட்கும் செவியை வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வானாக!